ஒன்ஸ் மோர் கேக்கறத நிறுத்தணும்ங்கறேன், நீங்க என்ன சொல்றீங்க

ஏப்ரல் 16, ராத்திரி 11.50

நேரா விஷயத்துக்கு வரேன். திருவிழா மேடைல பாடறவங்கள ஒன்ஸ் மோர் ஒன்ஸ் மோர்னு கத்தி திருப்பித் திருப்பிப் பாட வைக்கறத நிறுத்தணும்.

நான் தர்மபுரி பக்கம். பதினேழு வயசுல இருந்து ரேடியோ செட்டு வேலை. காரிமங்கலம், பாலக்கோடு, பென்னாகரம், அந்தப் பக்கம் காவேரிப்பட்டணம், பர்கூர் வரைக்கும் பாக்ஸ் ஏத்தி எறக்கிருக்கேன். மேடைக்கு எதிர்ல மிக்ஸர் பக்கத்துல உக்காந்திருக்கறதால பாடறவங்க மூஞ்சி, கத்தறவங்க மூஞ்சி ரெண்டும் எனக்குத் தெரியும். போன வாரம் ஒரு ஊர்ல மாரியம்மன் பண்டிகை, ஆர்கெஸ்ட்ரா. பாடுன பொண்ணுக்கு சாயந்திரத்துல இருந்தே காய்ச்சல், சுடுதண்ணி பாட்டிலும் கையுமாத்தான் வேன்ல இருந்து எறங்குச்சு. ஒரு குத்துப்பாட்டு நல்லா எடுத்துச்சு, முடியறதுக்குள்ளயே முன்னாடி நின்ன பசங்க ஒன்ஸ் மோர். பாடுச்சு. மறுபடியும் ஒன்ஸ் மோர். பாடுச்சு. மூணாவது தடவ கேக்கறப்ப அந்தப் பொண்ணு என்னப் பாத்து கைய லேசா கீழ எறக்கிக் காட்டுச்சு, வேண்டாம்னு அர்த்தம். கமிட்டிக்காரர் ஒருத்தர் எம் பின்னாடி நின்னுட்டு "பாடச் சொல்லுப்பா, காசு குடுத்திருக்கோம்ல" அப்படின்னார். கீபோர்டுக்காரர் மியூசிக் எடுத்துட்டார். நானும் எக்கோவ கொஞ்சம் ஏத்திவிட்டு கொரல் கம்முனது தெரியாம பாத்துக்கிட்டேன். பாட்டு முடிஞ்சதும் அது மேடைக்குப் பின்னால போயி தார்ப்பாய் ஓரமா குனிஞ்சு வாந்தி எடுத்துச்சு. முன்னாடி விசில் அடங்கவே இல்ல.

அந்த எக்கோவ ஏத்துன கை என்னோடதுதான். நாலு நாளா தூக்கம் சரியில்ல.

ஏப்ரல் 17, காலைல

நான் ரசிக்கறவங்களத் திட்டல. நல்லா இருந்தா கைதட்டுங்க, விசில் அடிங்க, அன்பளிப்பு குடுங்க. அதே பாட்ட அதே தொண்டைல அடுத்த நிமிஷமே மறுபடி கேக்காதீங்க, அவ்ளோதான் நான் சொல்றது.

ஏப்ரல் 19, ராத்திரி 10.20

"அப்ப கூத்துல மட்டும் கேக்கறது இல்லயா"ன்னு பாலக்கோட்டுக்காரர் ஒருத்தர் கேட்டிருக்கார். கேப்பாங்க. ஆனா அங்க வேற மாதிரி.

எங்க அம்மாவோட தம்பி, எனக்கு தாய்மாமா, கூத்துக்காரர். இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேல பெண் வேஷம் கட்டுனவர். அவரு டோப்பா வச்சு மஞ்சப்புடவ கட்டி நின்னா எங்க அம்மாவே ஒரு நிமிஷம் பேச்சில்லாம பாத்துட்டு நிக்கும். பகடை துகில்ங்கற கூத்துல அவருதான் திரௌபதி. துச்சாதனன் கூந்தலப் புடிச்சு இழுத்துட்டு வந்து, சபைல நாயம் கேட்டு, கடைசில "துரியோதனன் ரத்தத்தத் தொட்டு பூசற வரைக்கும் இந்தக் கூந்தல முடிய மாட்டேன்"னு சபதம் போடற எடம். அதுக்கு ஒரு விருத்தம் உண்டு, நெஞ்சடைக்கும். ராத்திரி மூணு மணி இருக்கும், பனி கொட்டுது, பொம்பளைங்க எல்லாம் அழுதுட்டு இருக்காங்க. அப்ப ஆம்பளைங்க பக்கம் இருந்து யாரோ ஒன்ஸ் மோர்னு கத்துனான். இன்னும் நாலு பேர் சேந்துக்கிட்டாங்க.

மாமா அசையல. கூந்தல விரிச்சுப் போட்டபடி அப்படியே நின்னு, "சபதத்த ரெண்டு தடவ போட முடியாதுங்க சாமி"ன்னு சொல்லிட்டு பெஞ்சுல போயி உக்காந்துட்டார். கூட்டம் அப்படியே அடங்கிருச்சு. எனக்கு அப்ப எட்டு வயசு, அம்மா மடில படுத்திருந்தேன். அந்த ஒரு வார்த்த இன்னிக்கும் எங்கூடவே இருக்கு. இந்த எழுத்து பூராவும் அந்த வார்த்தைல இருந்துதான் வந்துச்சுன்னு சொல்லலாம்.

ஏப்ரல் 22

"வெளிநாட்டுல எல்லாம் என்கோர்னு மரியாதையா கேக்கறாங்க, நம்மாளுங்கதான் இப்படி"ன்னு ஒருத்தர் எழுதிருக்கார். இல்லீங்க. மச்சான் ஒருத்தன் பெங்களூர்ல இசை படிச்சவன், அவங்கிட்ட கேட்டு, நானும் தேடிப் படிச்சேன். அங்கயும் இதே ரகளதான் நடந்திருக்கு.

1786 மே 1ந்தேதி வியன்னாவுல மொசார்ட்டோட ஃபிகாரோ இசை நாடகம் அரங்கேறுச்சு. கூட்டம் கேட்டுக் கேட்டு பல பாட்ட அங்கயே திருப்பிப் பாடிருக்காங்க. ஒரு வாரம் கழிச்சு நடந்த ஆட்டத்துல அது இன்னும் கூடிப் போச்சு. நாடகம் முடியவே மாட்டேங்குதுன்னு பேரரசர் ரெண்டாம் ஜோசப் ஒரு உத்தரவு போட்டார். ஒருத்தருக்கு மேல சேந்து பாடற பாட்டு எதையும் திருப்பிப் பாடக்கூடாது, அத அறிவிப்பா ஒட்டுங்கன்னு. தனியாப் பாடற பாட்டுக்குத் தடை இல்ல, ஏன்னா அதுலதான் பாடகருக்குப் பேரு கெடைக்குதுன்னு அவரே காரணமும் சொல்லிருக்கார். நம்ம ஊர்ல பத்து மணி ஆனா போலீஸ் ஜீப் வந்து நிக்கற மாதிரி அங்க ராஜாவே வந்து நின்னிருக்கார்.

எனக்கு அதவிடப் புடிச்சது அவரு தம்பி கதை. ஜோசப்புக்கு அப்புறம் பட்டத்துக்கு வந்த ரெண்டாம் லியோபோல்ட். 1792 பிப்ரவரில சிமரோசாங்கற இத்தாலிக்காரரோட புது இசை நாடகம் ஒண்ணு அரங்கேறுச்சு, அவருக்கு ரொம்பப் புடிச்சுப் போச்சு. ஒரு பாட்ட மட்டும் இல்ல, மொத்த நாடகத்தையும் அன்னிக்கு ராத்திரியே இன்னொரு தடவ ஆடச் சொன்னார். ஆனா அதுக்கு முன்னாடி எல்லாருக்கும் ராத்திரி சாப்பாடு போட்டிருக்கார்!

அண்ணன் நிறுத்துன்னார், தம்பி முழுசா வேணும்னார். நான் அண்ணன் கட்சின்னு நெனச்சுட்டு இருந்தேன். இப்ப அந்தச் சாப்பாடு மனசுல உக்காந்துக்கிச்சு. கேட்டவன் சோறு போட்டுட்டுக் கேட்டிருக்கான்ல.

ஏப்ரல் 23

மேல எழுதுனதுல ஒரு சின்னத் திருத்தம். வெளிநாடுன்னு ஒரே மாதிரி எழுதிட்டேன். என்கோர்ங்கறது பிரெஞ்சு வார்த்த, மறுபடியும்னு அர்த்தம். ஆனா அத மேடையப் பாத்துக் கத்தறது இங்கிலீஷ்காரங்க. பிரெஞ்சுக்காரங்க "பிஸ்"னு கத்துவாங்களாம், அது லத்தீன், ரெண்டு தடவன்னு அர்த்தம். நாம இங்கிலீஷ்ல ஒன்ஸ் மோர்ங்கறோம், ஆனா இங்கிலீஷ்காரன் கச்சேரில அப்படிக் கத்தறதில்ல. ஆளாளுக்கு அடுத்த ஊட்டு வார்த்தையாத்தான் பாத்து எடுத்திருக்காங்க.

ஜெர்மன்காரங்க "சுகாபே"ங்கறாங்க. கூடச் சேத்துக் குடுக்கறதுன்னு அர்த்தமாம். அதப் படிச்சதும் எனக்கு நம்ம சந்தை ஞாபகம்தான் வந்துச்சு. கொசுறு! ராயக்கோட்ட மண்டில தக்காளி வாங்கிட்டு மேல ரெண்டு போடுங்கன்னு நிக்கறோம், காய்க்கடைல கொத்தமல்லி கறிவேப்பில கேக்கறோம். கொசுறுங்கறது வாங்குன அதே ஒரு கிலோவ மறுபடி சும்மா குடுன்னு கேக்கறது இல்ல. குடுக்கறவங்க கையில இருக்கற சின்னது ஏதோ ஒண்ணு, அவங்க இஷ்டம். இப்ப வெளிநாட்டுக் கச்சேரில நடக்கறது பெரும்பாலும் கொசுறு மாதிரிதான், எல்லாம் முடிஞ்சப்புறம் வேற ஒரு பாட்டு. நாம கேக்கறது அதே ஒரு கிலோ.

முன்னாடி அங்கயும் அதே ஒரு கிலோதான் கேட்டிருக்காங்க. 1813 டிசம்பர்ல பீத்தோவனோட ஏழாவது சிம்பொனி மொதமொதல்ல வாசிச்சப்ப ரெண்டாவது பகுதிய அங்கயே திருப்பி வாசிக்க வச்சிருக்காங்க. இத்தாலில மிலான் லா ஸ்காலா அரங்கத்துல பாட்ட திருப்பிப் பாடக்கூடாதுங்கற வழக்கம் பல பத்து வருஷம் இருந்திருக்கு, 2007ல ஹுவான் டியேகோ ஃப்ளோரஸ்ங்கற பாடகர்தான் அத ஒடச்சார். அவரு திருப்பிப் பாடுனது உச்ச ஸ்தாயி ஒம்பது தடவ வர்ற பாட்டு. ரெண்டு தடவைன்னா பதினெட்டு. பெரிய அரங்கம், நல்ல சம்பளம், நல்ல தூக்கம் எல்லாம் இருந்தும் அது ஒரு சாதனைன்னு பேசறாங்க. நாம காய்ச்சல்ல இருக்கற பொண்ணுகிட்ட மூணு தடவ வாங்கறோம்.

ஏப்ரல் 27, மதியம்

கிருஷ்ணகிரி அண்ணன் ஒருத்தர் "கேக்கறதே தப்புன்னா நம்ம நாடக மேடையே வளந்திருக்காது தம்பி"ன்னு எழுதிருந்தார். அதுல நாயம் இருக்கு. நாடகத்துல பாடி நடிச்ச எஸ்.ஜி. கிட்டப்பா காலத்துல கொட்டகைல மைக் கெடையாது, கடைசி வரிசைல உக்காந்திருக்கறவனுக்கும் கேக்கற மாதிரி உச்சத்துல பாடணும், ஒன்ஸ் மோர் எத்தன வாங்குனாங்கங்கறதுதான் பேச்சா இருந்திருக்கு. அது அவங்களுக்கு கவுரவம், இல்லன்னு சொல்லல. ஆனா அந்த மனுசன் 1933ல போறப்ப வயசு 27. பாடுனதாலதான்னு சொல்ல வரல. இருந்தாலும் அந்த வயசப் படிக்கறப்ப எனக்கு கை நின்னுடுது.

இன்னொரு நாடக நடிகர் விஸ்வநாததாஸ் கதை அதவிட. வள்ளி திருமணத்துல முருகன் வேஷத்துலயே வெள்ளைக்காரன எதிர்த்து பாட்டுப் பாடுவார். போலீஸ் கொட்டகைக்கே வந்து நிக்கும், வேஷத்தோடயே கைதாகிருக்கார், ஒரு தடவ ரெண்டு தடவ இல்ல. கடைசில 1940 டிசம்பர் 31 ராத்திரி, சென்னைல, முருகனா மயில் மேல உக்காந்து பாடிட்டு இருந்தப்பவே உயிர் போயிருச்சு. அந்த மாதிரி ஆளுகிட்ட அந்தப் பாட்ட இன்னொரு தடவ பாடுங்கன்னா அது இன்னொரு தடவ ஜெயிலுக்குப் போங்கன்னு கேக்கற மாதிரி. அவருக்கு அது தெரியும், எதிர்ல இருந்தவங்களுக்கும் தெரியும். ரெண்டு பக்கமும் என்ன வெலைன்னு தெரிஞ்சிருந்த காலம் அது. நம்ம பசங்களுக்கு தெரியல, அதுதான் எனக்கு வருத்தம்.

ஏப்ரல் 27, ராத்திரி

கர்நாடக கச்சேரி பத்தி எனக்கு அவ்வளவா தெரியாது, ஒண்ணு மட்டும் பாத்திருக்கேன். அங்க இந்தப் பாட்டு வேணும்னு சீட்டு எழுதி அனுப்புவாங்க, வித்வான் படிச்சுப் பாத்து இஷ்டம்னா கடைசில துக்கடாவா, அதாவது சின்னப் பாட்டா பாடுவார். அப்புறம் மங்களம். மங்களம் பாடிட்டா எந்திரிச்சுட வேண்டியதுதான், அதுக்கு மேல யாரும் கேக்க மாட்டாங்க. கூத்துலயும் விடிஞ்சா மங்களம்தான். ஆர்கெஸ்ட்ராவுக்கு மட்டும் அப்படி ஒரு வேலி இல்ல.

மே 4, ராத்திரி 12.40

இத எழுதறதுக்கு கஷ்டமா இருக்கு. ஏப்ரல் 19ந்தேதி நான் எழுதுன மாமா கதை தப்பு.

நேத்து பென்னாகரம் பக்கம் ஒரு வேலைக்குப் போயிருந்தேன். மாமா செட்டுல மத்தளம் அடிச்ச பெரியவர் அங்க பக்கத்து ஊர்லதான் இருக்கார், எழுவத்தஞ்சு வயசுக்கு மேல ஆகுது. மாமா போயி பதினோரு வருஷம் ஆச்சு, அவர மாதிரி ஆளுங்களப் பாத்தாத்தான் மாமாவப் பாத்த மாதிரி. திண்ணைல உக்காந்து பேசிட்டு இருந்தப்ப இந்தச் சபதக் கதையச் சொன்னேன். அவரு கேட்டுட்டு கொஞ்ச நேரம் ஒண்ணும் சொல்லல. அப்புறம் சொன்னார், "அது உங்க மாமன் சொல்லல சாமி. கோமாளி சொன்னான்."

நடந்தது இதுதானாம். தொடர்ச்சியா ஏழாவது ராத்திரி ஆட்டம் அது. பாஞ்சாலி விருத்தத்த எடுத்து மேல போயி முடிக்கறப்பவே மாமாவுக்கு கொரல் ஒடஞ்சிருச்சு, வாயத் தொறந்தா காத்துதான் வருது. ஒன்ஸ் மோர்னு சத்தம் வந்ததும் மாமா பயந்துபோயி மத்தளக்காரரப் பாத்திருக்கார். பாடலன்னா எதிர்ல இருக்கறவங்க கல்ல விட்டு எறியக்கூட செய்வாங்க, சம்பளத்துல புடிப்பாங்க. கோமாளி அந்தப் பார்வையப் பாத்துட்டான். சட்டுனு குறுக்க வந்து விழுந்து கும்புட்டு, "சபதத்த ரெண்டு தடவ போட்டா மொதல் சபதம் பொய்யாப் போயிரும் சாமி, ஆத்தா அவுத்த கூந்தல் அவுத்ததுதான், யாருக்கு தைரியம் இருக்கு மறுபடி அவுக்கச் சொல்ல?"ன்னு கூட்டத்தப் பாத்துக் கேட்டிருக்கான். அதுலதான் அடங்கிருக்கு. மாமா ஒரு வார்த்த பேசல. பேச முடியல.

நான் எட்டு வயசுல அரத்தூக்கத்துல கேட்டத மாமா வாயில வச்சு முப்பது வருஷமா நம்பிட்டு இருந்திருக்கேன். மாமா கொள்கையோட மறுத்தாருன்னு நெனச்சேன், அவரு முடியாம நின்னிருக்கார். அந்தக் கோமாளிய எனக்கு ஞாபகமே இல்ல. மூஞ்சி கூட ஞாபகம் இல்ல.

பெரியவர் இன்னொண்ணும் சொன்னார். கூத்துக்காரங்களுக்கு சாப்பாடு போட்ட ஊட்டுல ஒரு பாட்டி. ராத்திரி பூரா அடுப்படில இருந்ததால அந்த எடத்தப் பாக்கவே இல்ல. விடிஞ்சு இவங்க அரிதாரத்த தேங்கா எண்ண வச்சுத் தொடச்சுட்டு இருக்கறப்ப சுக்குத்தண்ணி கொண்டு வந்து குடுத்துட்டு, "எல்லாரும் அழுதுட்டு வந்தாளுங்க, நாந்தான் கேக்கல"ன்னு சொல்லிருக்கு. பாடுன்னு கேக்கல, அவ்ளோதான் சொல்லிட்டு டம்ளர எடுக்க நின்னுட்டு இருந்துச்சாம். மாமா பாதி மூஞ்சி திரௌபதியா பாதி மூஞ்சி தானா உக்காந்தபடி, அந்தக் கொரல்லயே, பக்கத்துல இருக்கறவனுக்கு மட்டும் கேக்கற அளவுக்கு, அந்த விருத்தத்த முழுசாப் பாடிருக்கார். மத்தளம் இல்லாம. "நான் அவன்கூட நூத்துக்கணக்குல ஆடிருக்கேன், அவன் அத நல்லாப் பாடுனது அன்னிக்குத்தான்"னார் பெரியவர்.

சபதத்த ரெண்டு தடவ போட முடியாதுன்னு நான் பெருமையா எழுதுனேன். மாமா அன்னிக்கே ரெண்டு தடவ போட்டிருக்கார்.

மே 5

தலைப்ப மாத்தலாமான்னு யோசிச்சேன். விட்டுட்டேன், அன்னிக்கு அப்படித்தான் நெனச்சேன்.

ஆனா "மாமாவே பாடிருக்காருல்ல, அப்ப கேக்கலாம்தான"ன்னு ஒருத்தர் எழுதிட்டார். பாட்டி சோறு ஆக்கிப் போட்டுட்டு ராத்திரி பூரா அடுப்புல வெந்தவ. அவ கேக்கவும் இல்ல. அதையும் விசிலடிக்கறதையும் ஒண்ணா வைக்காதீங்க, தயவு செஞ்சு.

மே 11, ராத்திரி

இன்னொரு எடத்துலயும் என் நெனப்பு மாறிருக்கு. இப்ப நல்ல ஆர்கெஸ்ட்ரா செட்டுல எல்லாம் கடைசிப் பாட்டுன்னு சொல்லிட்டு ரெண்டு பாட்ட ஒதுக்கி வச்சிருப்பாங்க. மிக்ஸர்ல ஒட்டற லிஸ்ட்ல கோடு போட்டு கீழ எழுதிருக்கும், எனக்கு முன்னாடியே தெரியும். நன்றி வணக்கம் சொல்லிட்டு உள்ள போவாங்க, கூட்டம் கத்தும், திரும்பி வருவாங்க. இது ஏமாத்து வேலைன்னு ரொம்ப நாளா எனக்குப் புடிக்காது. ஜனங்க நெசமா கேக்கறாங்க, இவங்க முன்னாடியே எழுதி வச்சிருக்காங்களேன்னு.

மாமா கதை தெரிஞ்சப்புறம் அப்படித் தோணல. அந்தக் கோடுதான் அவங்களுக்குக் கோமாளி. தொண்டைல ரெண்டு பாட்டுக்கு மிச்சம் வச்சுக்கறாங்க. எல்விஸ் பிரெஸ்லிக்கு அதுவும் பத்தல. 1956ல லூசியானாவுல ஒரு நிகழ்ச்சி, அவரு பாடி முடிச்சுட்டார், கூட்டம் அடங்கல, அவருக்கு அப்புறம் இன்னும் ஆளுங்க பாடணும். "எல்விஸ் கட்டடத்த விட்டே கெளம்பிட்டார்"னு மைக்ல சொன்னாங்க. பின்னாடி அவரு கச்சேரி முடிவுல எல்லாம் அதச் சொல்றது வழக்கமாயிருச்சு. ஆள் போயிட்டா யாருகிட்டக் கேப்ப? நம்ம பொண்ணுக்கும் அப்படி யாராவது மைக்ல சொல்லிருக்கணும். மைக் எங்கிட்டத்தான் இருந்துச்சு.

மே 14

அந்தப் பொண்ணோட செட்டு மேனேஜருக்கு போன் போட்டேன். நல்லா இருக்காம், ரெண்டு வாரம் பாடாம இருந்து இப்ப மறுபடி போகுதாம். நான் யாருன்னு சொல்லி மன்னிப்பு கேட்டதா சொல்லச் சொன்னேன். எனக்கும் அவங்களுக்கும் இப்ப ஒரு பேச்சு ஆயிருக்கு. என் செட்டு போற எடத்துல ரெண்டாவது ஒன்ஸ் மோருக்கு மேல வந்துச்சுன்னா, பாடறவங்க கைய எறக்கிக் காட்டுனா, நான் மியூசிக் லைனக் கட் பண்ணிட்டு அடுத்த பாட்டு பேர நானே சொல்லிருவேன். கமிட்டில திட்டுனா எம்மேல திட்டட்டும்.

மே 26, விடியக்காலம் 5.30

இப்பத்தான் வேலை முடிஞ்சு வேன்ல உக்காந்து எழுதறேன், தப்பு இருந்தா பொறுத்துக்குங்க.

அரூர் போற வழில ஒரு ஊர், திரௌபதி அம்மன் கோயில், பாரதக் கூத்து. ராத்திரி பத்துல இருந்து காலைல ஆறு வரைக்கும் ஸ்பீக்கர் கூடாதுங்கறது சட்டம், வருஷத்துல சில நாளைக்கு மட்டும் பன்னெண்டு மணி வரைக்கும் அனுமதி குடுக்கலாம். அந்த அனுமதி வாங்கிருந்தாங்க. கூத்துன்னா விடியற வரைக்கும், எங்க பன்னெண்டுக்கு முடியறது? பன்னெண்டு அடிச்சதும் ஸ்டேஷன்ல இருந்து வந்தவர் கடியாரத்தத் தட்டிக் காட்டுனார். நான் ஆம்ப்ளிஃபயர ஆஃப் பண்ணேன்.

திடீர்னு சத்தம் கொறஞ்சதும் கர்ணன் பொண்டாட்டி பொன்னுருவி வேஷம் கட்டுனவர் பாதி வரில நின்னுட்டார். சின்னப்பையன், இருபத்திரெண்டு இருக்கும். பின்னாடி இருக்கறவங்களுக்கு ஒண்ணும் கேக்கல. கூட்டம் கலையப் போகுதுன்னுதான் நெனச்சேன், ஒயர சுத்தக்கூட ஆரம்பிச்சுட்டேன்.

யாரும் ஒன்ஸ் மோர்னு கத்தல. பின்னாடி ஒரு அம்மா எந்திரிச்சு பாயச் சுருட்டுச்சு. ஊட்டுக்குப் போகுதுன்னு பாத்தா முன்னாடி வந்து விரிச்சு உக்காந்துச்சு. அப்புறம் பக்கத்துல இருந்தவங்க. அப்புறம் ஆம்பளைங்க பக்கமும், தூங்கற புள்ளைங்களத் தோள்ல போட்டுட்டு, கோணிப்பை, போர்வை, செருப்புன்னு எடுத்துக்கிட்டு எல்லாரும் நகந்து நகந்து வந்து களரியச் சுத்தி ஒட்டி உக்காந்துட்டாங்க. முன் வரிசைக்கும் ஆடறவருக்கும் நடுவுல ரெண்டு அடி கூட இல்ல. கோமாளி சுத்திப் பாத்துட்டு, "பாதில நின்னுச்சே, மொதல்ல இருந்தா, விட்ட எடத்துல இருந்தா?"ன்னு கூட்டத்தக் கேட்டார். முன்னாடி உக்காந்திருந்த ஒரு தாத்தா, "அந்தப் பையனக் கேளு, அவந்தான பாடணும்" அப்படின்னார்.

பையன் தண்ணி கேட்டான். மேடைக்காரங்க பாட்டில் எடுக்கறதுக்குள்ள கூட்டத்துல இருந்து ஒரு சொம்பு கை மாறி கை மாறி வந்துருச்சு. குடிச்சுட்டு மொதல்ல இருந்து எடுத்தான். நான் ஒயர அப்படியே போட்டுட்டு அந்தத் தாத்தா பக்கத்துல போயி உக்காந்தேன். இத்தன வருஷத்துல கூத்த ஸ்பீக்கர் வழியா இல்லாம கேட்டது அம்மா மடில படுத்திருந்தப்ப கேட்டதுக்கு அப்புறம் இப்பத்தான்.